நாசம் என்று சொல்லாத கம்பளிக் கடை

கம்பளிக் கடையில் ‘நாசம்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் மீரான் பாய். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் கம்பளி வாடகைக் கடை போட்ட முதல் சீசனில் சொன்னார்.

அது ஐம்பதுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டுக்கும் மலைக்குமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பழனியில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் மார்கழியில் விடிகாலைத் தரிசனத்துக்குப் போகிற குளிர்தான் தெரியும். மேலே வருகிற ஜனங்களில் பாதிப் பேரும் அப்படித்தான். மதுரை வெயிலுக்கு உடுத்தின மல் வேட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி, ரெண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு, வந்தது தப்போ என்கிற முகத்தோடு நிற்பார்கள். போர்வையும் ஜமுக்காளமும் விற்கிற தன் கடையில் பாதியைத் தடுத்து பாய் எனக்குக் கொடுத்தார். கோட்டு, ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா எல்லாம் வாடகைக்கு. ஈடாக ஒரு சாமானை வைத்துவிட்டு எடுத்துப் போகலாம்.

பாத்திரமோ, பந்தல் சாமானோ, சைக்கிளோ, எதையாவது வாடகைக்குக் கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. முழுசாகப் போகும், அரைகுறையாக வரும்.

அந்த முதல் சீசனில் ஒரு கோட்டு ஒரு கை கருகித் திரும்பி வந்தது. “ஐயோ, நாசமாப் போச்சே!” என்று நான் போட்ட கூச்சலில், பாய் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, நாசம்னா மிச்சம் ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். இதுல ஒரு கை நல்லாருக்கு, முதுகு நல்லாருக்கு, காலர் நல்லாருக்கு. அந்த வார்த்தையைச் சொல்லிட்டா அப்புறம் ஊசியை எடுக்கக் கை வராது. பழுதுக்கு நம்ம கடையில மூணு பேச்சுதான். ‘வேலை இருக்கு.’ ‘நிறைய வேலை இருக்கு.’ ‘வேற சோலிக்கு ஆகும்.’ நாலாவது பேச்சு கிடையாது.”

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அகராதியெல்லாம் பார்த்ததில்லை. ஆனால் இந்த அர்த்தம் எனக்குப் பிடித்துப் போயிற்று. காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கடை திறக்கும்போது இதையும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தொல்லை என்னவென்றால், வருகிற வாடிக்கைக்காரர்களுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை.

மடிப்பு

கிழிந்ததைக் கிழிந்தது என்று சொல்லித் திருப்பித் தருகிற ஆளை நான் வருஷக்கணக்காகப் பார்க்கவில்லை. தன் வீட்டில் ஒரு துண்டைக்கூட மடித்து வைக்காத ஆம்பிளைகள் இங்கே திருப்பித் தரும்போது மட்டும் பட்டுப் புடவைக் கடைக்காரன் மாதிரி மடிப்பார்கள். மூலைக்கு மூலை சேர்த்து, தடவிக் கொடுத்து, ரெண்டு கையாலும் ஏந்தி நீட்டுவார்கள். மடிப்பு எவ்வளவு அழகோ, உள்ளே ஓட்டை அவ்வளவு பெரிசு.

ஒரு தடவை மதுரையிலிருந்து ஒருத்தர் வந்தார். ஆபீசில் பெரிய உத்தியோகம் என்று நான் கேட்காமலே சொன்னவர். சால்வையை அவர் நீட்டின நேர்த்தியைப் பார்த்ததுமே அதை வாங்கிப் பலகை மேல் வைத்தேன். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். நடுவயிற்றில் சுருட்டுச் சுட்ட ஓட்டை. என் ஆட்காட்டி விரலை அதற்குள் விட்டு அந்தப் பக்கம் ஆட்டிக் காட்டினேன். “கொடுக்கும்போது இது இல்லைங்களே?” என்றேன். அவர் என் விரலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எதிரே வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

“காத்தோட்டத்துக்கு நீங்களே வச்சிருக்கீங்களோன்னு நெனச்சேன்.”

தெய்வானை

ஓட்டைகள் பெருகப் பெருக என் ஒரு கை போதவில்லை. அப்போது ஒரு மழைக்காலத்தில், என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான கிழங்கு லாரி டிரைவர் ஒரு பெண்ணைக் கடை வாசலில் இறக்கிவிட்டார். கையில் ஒரு துணி மூட்டை. பேர் தெய்வானை. பிறந்தது ஆயக்குடி. அப்பா கொய்யாத் தோப்புக் காவல்காரர். கட்டிக் கொடுத்தது மேல்மலையில் இருக்கிற போளூரில், உருளைக்கிழங்கு போடுகிற குடும்பத்தில்.

அவள் காலடி வைத்த வருஷம் வயலில் மழைத்தண்ணீர் நின்று கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. மறு வருஷம் காற்றில் கூரை போயிற்று. மாமியார் வாசலில் நின்று, தெருவே கேட்க, “எங்க குடும்பத்தை நாசம் பண்ணன்னே வந்தவ” என்று சொல்லிவிட்டாள். புருஷன் வேலுச்சாமி நல்லவன்தான், அம்மாவுக்கு எதிரே மட்டும் நாக்கு அசையாது. இவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தப் பேரோடு பிறந்த வீட்டுக்குப் போனால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வர மாட்டான் என்று அங்கேயும் போகவில்லை.

ஊசி வேலை அவள் கைக்கு அப்படி ஒரு வசம். ஓட்டையைச் சுற்றி இழை இழையாகக் கோத்து அடைத்தால், பழைய நூல் எது புது நூல் எது என்று எனக்கே தெரியாது. ஆனால் யாராவது நாசம் என்று சொன்னால், மடியில் கம்பளியோடு ஊசி அப்படியே நின்றுவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை. “நானும் எங்க வீட்டுக்காரரும் போளூருக்குப் போயி உன் மாமியார்கிட்டப் பேசட்டுமா?” என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“யாரும் போக வேண்டாங்க அக்கா. எந்த வாயி அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்புச்சோ, அந்த வாயே வந்து கூப்பிடட்டும்.”

சந்தைக்கு வந்த மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில்தான் எனக்குக் கூட்டம் அதிகம். அன்றைக்குப் பார்த்து வேலுச்சாமி வந்து என் கடை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். எதையும் வாங்க மாட்டான், வருகிறவர்களுக்கு வழியும் விட மாட்டான். கொஞ்சம் கிழங்கு, கொஞ்சம் பூண்டு ஒரு சாக்கில் கொண்டு வந்து அவள் பக்கமாகத் தள்ளி வைப்பான். அவள் தைப்பாள். இவன் பார்த்துக்கொண்டே இருப்பான். வருகிற ஸ்வெட்டரைப் பார்த்து நாங்கள் “வேலை இருக்கு”, “நிறைய வேலை இருக்கு” என்று சொல்லச் சொல்ல, அவனும் மெதுவாக வாயசைப்பான். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கிற மாதிரி இருக்கும்.

எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் வேலுச்சாமியைப் பார்த்ததில்லை. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், “ஏப்பா, இத்தனை வாரமா வர்றியே, உங்கம்மாகிட்டப் பேசினியா இல்லியா?” அவன் சாக்கின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

“பேசணும்னுதாங்க ஒவ்வொரு வாரமும் இங்கேருந்து கெளம்புறேன். வீட்டு வாசலுக்குப் போனதும் கோழியை அடைக்கப் போயிர்றேன்.”

ஒரு பொத்தான்

மே மாசம் மெட்ராஸிலிருந்து ஒரு புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. அந்தப் பெண்ணுக்கு ரோஸ் கலர் ஸ்வெட்டர் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கடைசிப் பொத்தான் இல்லையாம். நல்ல காற்றில் விழுந்திருக்கும், கடையிலேயே பெட்டி நிறையப் பொத்தான் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள், “லேக்ல போட்டோ எடுக்கணும்னு ஆசையா வந்தேன். மொத்த டூரும் நாசம்!” என்றாள். நின்றாளா? ஹோட்டலில் காபி ஆறிப் போயிருந்ததால் காலை நாசம். மேகம் வந்து மூடிக்கொண்டதால் வியூ நாசம். குதிரை சேற்றை வாரி அடித்ததால் செருப்பு நாசம். இவ்வளவும் நாசமான பிறகும் அவள் பவுடர் கலையாமல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நான் தெய்வானையைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவைக்கும் ஊசி நின்று நின்று நகர்ந்தது. முருகா, இந்த வாயை மட்டும் மூடு, உனக்கு நெய் விளக்கு ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முருகன் மூடவில்லை, தெய்வானைதான் மூடினாள். அந்தப் பெண் செருப்பைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்னே பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, ஸ்வெட்டரை அவள் தோளில் போட்டுவிட்டாள். பொண்டாட்டி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பையன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்:

“ரொம்ப தேங்க்ஸ்ம்மா. ரயில் ஏறினதுலேருந்து இது ஒண்ணுதான் நாசமாகாம மிஞ்சியிருக்கு.”

போர்டு

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பேர், எதற்கெல்லாம் அந்த வார்த்தை! தலை கலைந்தால் நாசம், பஸ் தாமதித்தால் நாசம், பிள்ளை அழுதால் நாசம். பாயிடம் போய், “‘இங்கே நாசம் என்று சொல்லக் கூடாது’ன்னு பெரிசா ஒரு போர்டு எழுதி மாட்டிரலாமா?” என்று கேட்டேன். பாய் மடித்துக்கொண்டிருந்த போர்வையை நிறுத்தி, நிஜமாகவே யோசித்தார்.

“மாட்டலாம் தங்கச்சி. ஆனா வர்றவன் ஒரு தடவை படிச்சுட்டுப் போயிருவான். நாமதான் தெனமும் அதைப் படிச்சிக்கிட்டுக் கெடக்கணும்.”

ஈடாக வந்த சித்தப்பா

ஈடாகக் குடை வரும், வெற்றிலைச் செல்லம் வரும், ஒரு தடவை ஆர்மோனியப் பெட்டி வந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாலிபன் மட்டும், வைக்க ஒன்றும் இல்லை என்று தன் சித்தப்பாவை வைத்துவிட்டுப் போனான். “சாயங்காலம் வரைக்கும் இவர் இங்கேயே இருப்பார்” என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, என்னிடம் இருந்ததிலேயே நல்ல கோட்டாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போனான்.

குடை பேசாது. சித்தப்பா பேசினார். பாயின் போர்வையில் நெசவு சரியில்லை என்றார். டீயில் சர்க்கரை போதாது என்றார். குளிர் தாங்கவில்லை என்று என்னிடமே ஒரு சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டு, வாடகை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் அந்த வாலிபன் முக்காடு போட்டுக்கொண்டு வந்தான். படகிலிருந்து ஏரியில் விழுந்திருக்கிறான். ஈரக் கோட்டை டீக்கடை அடுப்பு மேலே காயப் போட்டிருக்கிறான். கம்பளியைச் சூட்டில் காட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அது சுருங்கிச் சுருங்கி, நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடப் பிடிக்கிற அளவில் அவன் கையில் இருந்தது. “நாசமாயிருச்சுங்க” என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “வேற சோலிக்கு ஆகும்” என்றேன். இப்படி ஒரு பொய்யான குரலில் அதை நான் சொன்னதே இல்லை. சித்தப்பா என் முகத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

“ஏலே, வெரசா நடடா. இந்தம்மா கோட்டைக்கூட வச்சுக்கிடும், என்னைய வச்சுக்கிடாது.”

கிழங்கு லாரி கொண்டு வந்த செய்தி

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ரெண்டு ஞாயிற்றுக்கிழமையாக வேலுச்சாமி வரவில்லை. எப்போதும் வழியை அடைத்துக்கொண்டு உட்காருகிறான் என்று நான்தான் அலுத்துக்கொள்வேன். வராதபோது அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. தெய்வானை கேட்கவில்லை, ஆனால் லாரிச் சத்தம் கேட்டால் தலை நிமிர்ந்தது.

கடைசியில் அவளை முதல் நாள் இறக்கிவிட்ட அதே டிரைவர் வந்தார். போளூரில் அவர்கள் வயலில் மறுபடியும் தண்ணீர் நின்றுவிட்டதாம். கிழங்கு மறுபடியும் அழுகிவிட்டதாம். எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்கிறேன்: இந்த வருஷம் இவள் அந்த வீட்டில் இல்லையே, இப்போது என்ன சொல்வாள் அந்த அம்மா என்றுதான் தோன்றியது. தெய்வானைக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசியைக் கம்பளியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, “வெதைக்கு எடுத்து வச்ச கெழங்காச்சும் மிஞ்சுச்சாண்ணே?” என்று கேட்டாள். டிரைவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

“வெதை பரண்ல பத்திரமா இருக்கு தாயி. உங்க மாமியாதான் பேச்சில்லாமக் கெடக்கு. இந்தத் தடவை யாரைச் சொல்றதுன்னு தெரியலை போல.”

மேலே தெரிந்த ஓட்டை

மழை போய், பனியும் போய், அடுத்த சீசனுக்காக நாங்கள் கம்பளிகளை வெயில் காட்டிக்கொண்டிருந்தோம். வயசான ஒரு அம்மா வந்து வாசலில் நின்றாள். மெலிந்த உடம்பு. கக்கத்தில் ஒரு கறுப்புக் கம்பளி. எனக்கு யாரென்று தெரியாது. மடித்த கம்பளியைக் கண்டாலே பிரித்துப் பார்க்கத்தான் என் கை போகும். ஆனால் அந்த அம்மா அதைப் பலகை மேல் விரித்துப் போட்டாள். கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, நடுவிலே, மேல்பக்கமாகவே தெரிகிற மாதிரி. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“எலி கடிச்சிருச்சு” என்றாள். “மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. இதுக்கு உங்க கடையில ஏதோ ஒரு பேச்சு உண்டாமே? எம்மவன் வீட்டுல அதையே சொல்லிக்கிட்டுத் திரியுறான். ஒழுகுற கூரையைப் பாத்தா ‘வேலை இருக்கு’ங்குறான். என்னையப் பாத்தா ‘நெறைய வேலை இருக்கு’ங்குறான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோழியை அடைக்கப் போகிற வேலுச்சாமிக்குக் கடைசியில் நாக்கு அசைந்துவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தெய்வானை வந்தாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாய் தன் பக்கத்தில் ஒரே போர்வையை ரெண்டாவது தடவையாக மடித்தார். தெய்வானை கம்பளியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அந்த ஓட்டை வழியாக அவள் முகத்தில் கொஞ்சம் வெயில் விழுந்தது.

“வேலை இருக்கு அத்தை” என்றாள்.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். சித்தப்பா உட்கார்ந்த அதே பெஞ்சு. ஆனால் இவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. இழை கோக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை பாதி அடைந்த பிறகு, வெளியே தெருவைப் பார்த்துச் சொன்னாள், “வெரசா முடி, தாயி. கெழங்கு லாரில முன்னால ரெண்டு பேருக்கு எடம் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

ஊசி நின்றது. அந்த வார்த்தையைக் கேட்காமலே அது நின்றது அன்றைக்குத்தான். பிறகு மறுபடியும் நகர்ந்தது. தெய்வானை தலை நிமிராமல், “அவுக?” என்று கேட்டாள். மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன் பின்னால மூட்டை மேல உக்காந்து வரட்டும். அம்புட்டு நாளு வாயைத் தொறக்காத பயலுக்கு அது போதும்.”

இப்படியாகத் தெய்வானை தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். சந்தோஷம்தான், சந்தோஷம் இல்லை என்று நான் சொன்னால் முருகன் கேட்பான். ஆனால் அடுத்த வாரமே சீசன் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. ஓட்டைகள் குவிந்து கிடக்கின்றன, தைக்க என் கை ஒன்றுதான். “நல்ல காரியம்தான் பண்ணினே முருகா, அதை ஜூன் மாசம் பண்ணியிருக்கக் கூடாதா?” என்று விளக்கு முன்னால் நின்று கேட்டேன். கேட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்தேன்.

இப்போது என் பிள்ளைகள் பெரியவர்களாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், காய்ச்சல் என்றாலும் கடன் என்றாலும் “கொஞ்சம் வேலை இருக்கும்மா” என்றுதான் எனக்குச் செய்தி வரும். நானும் அவர்கள் வீட்டுக்குப் போனால் முதலில் எல்லா மடிப்பையும் பிரித்துத்தான் பார்க்கிறேன். இத்தனை சீசன் கடை நடத்தி நான் கண்டது, நாசம் என்று கத்துகிறவர்களுக்கு ஒரு பொத்தான் போதும், நிஜமாகவே எல்லாம் போனவர்கள் விதைக்கிழங்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள் என்பதுதான்.

யாரிடமாவது எதையாவது இரவல் வாங்கிக் கிழித்துவிட்டால், தயவுசெய்து ஓட்டை மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.